மூன்றாம் மாடியில் அழுத முகம்

மூன்றாம் மாடியில் ஒரு முகம் அழுதுகொண்டிருந்தது.

அதை முதலில் பார்த்தவன் உருண்டை. பார்த்ததும் அவன் கத்தவில்லை. அதுதான் அவன் அக்காவுக்குப் பயமாக இருந்தது. ஒரு கரப்பான்பூச்சி பறந்தாலே கட்டடம் அதிரக் கத்துகிறவன், சத்தமில்லாமல் படியிறங்கி வந்து அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, தையல் அத்தை அழுறாங்க."

"ஏன்டா? யாரு என்ன சொன்னாங்க?"

"நிஜ அத்தை இல்ல. நாம செஞ்ச அத்தை."

அக்காவின் பட்டப்பெயர் ஊசி. அவள் ஒல்லி என்பதால் வந்த பெயர் என்று பள்ளியில் நினைத்தார்கள். உண்மை வேறு. மூன்றாம் மாடித் தையல் அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்து, எல்லாம் பனிமூட்டமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. தையல் இயந்திரத்தின் ஊசியில் நூல் கோக்க அவருக்கு முடியவில்லை. அதனால் மாடிப்படியில் நின்று, "ஊசி கோக்க வாடி!" என்று கூப்பிடுவார். கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் "ஊசி!" என்பது மட்டும் மிஞ்சியது.

தம்பியை ஏன் உருண்டை என்கிறார்கள் என்பதை அவன் கன்னத்தைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

விடுமுறை தொடங்கிய நாளிலிருந்து மழை. வெளியே போக வழியில்லை. வீட்டுக்குள் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். பொறுத்துப் பார்த்த அம்மா ஒருநாள் மாவு டப்பாவைத் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டார். அம்மா பஸ்ஸில் கண்டக்டர். வீட்டிலும் விசில் ஊதாத குறையாகத்தான் பேசுவார்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க! கை கழுவுங்க! இன்னிக்கு ரெண்டு மாவு பிசையப்போறோம். ஒண்ணு திங்கிறதுக்கு, ஒண்ணு மாட்டுறதுக்கு. மாத்தித் தின்னுட்டு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது!"

தின்கிற மாவில் வெண்ணெயும் சர்க்கரையும் போனது. அது பிஸ்கட். மாட்டுகிற மாவு உப்பு மாவு. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டு கிண்ணம் மைதா, ஒரு கிண்ணம் பொடி உப்பு, ஒரு கிண்ணத்துக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். கையில் ஒட்டாமல் வரும்வரை பிசைய வேண்டும். அவ்வளவு உப்பு எதற்கு? பூஞ்சைக்கும் பூச்சிக்கும் உப்பு ஆகாது. அதனால் மாவு கெட்டுப்போகாது. பிடித்த உருவத்தைச் செய்து, ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் நிதானமாகக் காயவைத்தால் கல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் வண்ணம் பூசி, மேலே வார்னிஷ் தடவி, நூல் கட்டி மாட்டிவிடலாம்.

ஊசி அந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லோருடைய முகத்தையும் செய்தாள். அம்மாவுக்குத் தொப்பி. டிப்போ மெக்கானிக்கான அப்பாவுக்கு மீசையில் ஒரு சொட்டுக் கறுப்பு எண்ணெய். வாட்ச்மேன் மாமாவுக்குப் பெரிய காது. அந்தக் காதில் ஓரிடத்தில் பல்தடம் இருந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டபோது, உருண்டை வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.

கண்களுக்கு, பென்சிலின் அடிப்பக்கத்தால் ஆழமாகக் குத்தினாள். அந்தக் குழிகளுக்குள் தூரிகை நுழையவில்லை. முகம் முழுக்க வண்ணமும் வார்னிஷும் பளபளக்க, கண்கள் மட்டும் வெறும் மாவாக நின்றுவிட்டன.

ஒவ்வொரு வீட்டு வாசற்கதவுக்கு மேலும் காற்றுப் போக ஒரு சிறிய பலகணி உண்டு. அதன் கீழே இருந்த ஆணியில் அந்தந்த வீட்டுக்காரரின் முகத்தை மாட்டினாள். பகலில் எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் படிக்கட்டு விளக்கு மினுக்கத் தொடங்கியதும் யாரும் சிரிக்கவில்லை. வெளிச்சம் போய்ப் போய் வந்தபோது, அத்தனை கண்குழிகளும் படியேறுகிறவரைத் திரும்பிப் பார்ப்பது போலிருந்தது.

இப்போது அவற்றில் ஒன்று அழுகிறது.

ஊசி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். மழைநாள் என்பதால் மதியமே மாலையாகத் தெரிந்தது. மேலே போகப்போக ஒரு சத்தம் கேட்டது.

சொட்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி, சொட்.

தையல் அத்தை வீட்டு வாசலில், கதவுக்கு மேலே, மாவு அத்தை சிரித்தபடியே அழுதுகொண்டிருந்தார். இரண்டு கண்குழிகளிலும் தண்ணீர் தளும்பி நின்றது. அது வழிந்து, பளபளக்கும் கன்னத்தில் இரண்டு கோடாக இறங்கி, மோவாயில் சேர்ந்து, மிதியடியில் சொட்டியது. கதவுக்குப் பின்னால் எதுவோ 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக மூச்சுவிட்டது.

"மழைத்தண்ணியா இருக்கும்," என்றாள் ஊசி. மேலே பார்த்தாள். கூரை காய்ந்து கிடந்தது.

அவள் தடுப்பதற்குள் உருண்டை ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்துவிட்டான். அவன் முகம் மாறியது.

"உப்புக் கரிக்குது அக்கா. கண்ணீரேதான்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. நிஜமான தையல் அத்தை, கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார்.

"யாரு? ஊசியா? என்ன அங்க கிசுகிசு?"

ஊசி வாயைத் திறப்பதற்குள் உருண்டை முந்திக்கொண்டான். "அத்தை, உங்க மூஞ்சி அழுவுது!"

அத்தை சிரித்தார். அவருக்கு அந்த முகம் மங்கலான ஒரு வட்டமாகத்தான் தெரியும். அதனால் கையை உயர்த்தித் தடவிப் பார்த்தார். நெற்றி காய்ந்திருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. விரல் கண்ணுக்கு வந்ததும் நின்றது. கன்னத்துக்கு இறங்கியது. சிரிப்பும் நின்றது.

"கண்ணுல இருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ம்," என்றான் உருண்டை.

"வாட்ச்மேன் மூஞ்சி அழுவுதா? உங்கம்மா மூஞ்சி?"

"இல்ல அத்தை."

"என்னுது மட்டும்தான்." அத்தை ஈர விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "நாளான்னிக்குக் கண்ணு ஆபரேஷன். இன்னிக்கு என் மூஞ்சி கண்ணீர் விடுது. நான் போகல. ஆஸ்பத்திரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

கதவு சாத்திக்கொண்டது.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த அம்மா, பையைக்கூட இறக்கி வைக்காமல் மேலே போனார்.

"அந்தத் தேதி கிடைக்க எவ்வளவு நாள் காத்துக்கிட்டிருந்தீங்க அண்ணி? விட்டா மறுபடி வரிசையில கடைசி ஆளு. அதுக்குள்ள இருக்கிற பார்வையும் போயிடும்!"

"போனாப் போகட்டும்."

"மழைக்காலம் அண்ணி. மாவு ஈரம் கோத்துக்கிச்சு. அவ்வளவுதான்!"

"அப்ப உன் மூஞ்சி ஏன் நனையல? உன் வாசல்ல மட்டும் வேற மழையா பெய்யுது?"

நூறு பேர் ஏறிய பஸ்ஸையே ஒற்றை ஆளாக அடக்குகிற அம்மா, தோளில் பையோடு அப்படியே திரும்பிவிட்டார். இறங்கி வந்து காலணியைக் கழற்றினார். வாசலில் நின்றிருந்த வாட்ச்மேன் மாமா தன் காதைத் தடவியபடி, "என் மூஞ்சிய மட்டும் கழட்டிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று ஊசியிடம் கெஞ்சினார்.

ஊசி தன் கைவிரல்களைப் பார்த்தாள். அந்த முகத்தைச் செய்தது அவள். அந்தக் கண்களைக் குத்தியது அவள். அத்தையின் கண் போனால் அது யாரால்?

ஆனால் அத்தை கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஒரே மாவு, ஒரே ஓவன், ஒரே வார்னிஷ், ஒரே மழை. அப்படியிருக்க, ஏன் ஒன்று மட்டும்? முகத்தில் வித்தியாசமா, இருக்கும் இடத்தில் வித்தியாசமா?

"கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு," என்றாள் தம்பியிடம். "அந்த ஆணியில வேற மூஞ்சிய மாட்டிப் பாக்கணும். அது அழுதா, குத்தம் இடத்துல. அழலைன்னா, குத்தம் மூஞ்சில."

"யாரு மூஞ்சிய?"

யார் முகத்தை? வாட்ச்மேன் மாமா மயங்கியே விழுந்துவிடுவார். அம்மா, அப்பா முகத்தைத் தொடவே அவளுக்கு மனம் வரவில்லை. ஊசி தன் வீட்டு வாசலிலிருந்து இரட்டைச்சடை போட்ட ஒரு முகத்தைக் கழற்றினாள். அவளுடைய முகம்.

"அக்கா," உருண்டையின் குரல் கம்மியது. "உன் மூஞ்சி அழுதா உனக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"நிஜமா?"

"தெரியல. வா."

மினுக்கும் விளக்கில் இருவரும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். ஊசி நாற்காலி மேல் ஏறி, அத்தையின் முகத்தை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். அவன் அதை ஒரு பூனைக்குட்டியைப் பிடிப்பது போல, கைகளை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தான். தன் முகத்தை அந்த ஆணியில் மாட்டியபோது, அதன் இரண்டு குழிகளும் ஊசியையே பார்த்தன. அவள் கடகடவென்று இறங்கி ஓடினாள். நாற்காலி அங்கேயே நின்றுவிட்டது.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மேலே போய்ப் பார்த்தாள்.

அவள் முகம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுகூட இல்லை.

சந்தோஷப்படுவதா, வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. கதவைத் திறந்த அத்தை கையை உயர்த்தித் தடவிப் பார்த்தார்.

"சடை இருக்கே, உன் மூஞ்சியா? பாத்தியா, உன்னுது அழல. என்னுதுதான் அழுதுச்சு. உனக்கு ஒண்ணும் இல்லடி கண்ணு, நீ நல்லா இருப்ப." ஊசியின் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்குள் விளக்குகூடப் போடவில்லை.

ஊசி தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். அங்கே தன் முகத்துக்குப் பதிலாக ராத்திரி மாட்டியிருந்த அத்தையின் முகமும் அழவில்லை. ஆனால் அதைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். கண்களிலிருந்து மோவாய் வரை இரண்டு வெள்ளைக்கோடுகள். அழுது காய்ந்த தடம்.

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, நகத்தால் சுரண்டினாள். வெள்ளைத் துகள் உதிர்ந்தது. இந்த முறை அவளே நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

உள்ளே அம்மா உப்பு ஜாடியை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். "இந்த மழை வந்தாலும் வந்துச்சு, கரண்டி உள்ளயே ஒட்டிக்குது. ஜாடில யாரு தண்ணி ஊத்தினா?"

"யாரும் ஊத்தலம்மா. மூடி லூசு. உப்பு காத்துல இருக்கிற தண்ணிய..."

ஊசி பேச்சை நிறுத்தினாள்.

உப்பு காற்றில் இருக்கிற தண்ணீரைக் குடிக்கும். வார்னிஷ் பூசிய இடத்தில் குடிக்க முடியாது. வார்னிஷ் இல்லாதது எங்கே? கண்களில் மட்டும்! அப்படியானால் கண் வழியாகத்தான் குடிக்கும். வயிறு முட்டக் குடித்ததும், உப்பே கரைந்து குழியில் தேங்கும். குழி நிறைந்தால் கன்னத்தில் வழியும். உப்புக் கரிக்காமல் என்ன செய்யும்?

சரி. ஆனால் அந்தக் கண்குழிகள் எல்லா முகத்திலும்தானே இருக்கின்றன? அத்தை வாசலில் மட்டும் காற்றில் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதுவும் நேற்று வந்தது, இன்று ஏன் வரவில்லை?

அவள் கண்ணை மூடிக்கொண்டு நேற்றைய வாசலை நினைத்துப் பார்த்தாள். சொட்டுச் சத்தம். காய்ந்த கூரை. கதவுக்குப் பின்னால் அந்த நீளமான மூச்சு, உஸ்ஸ்ஸ். அதோடு ஒரு வாசனை. சூடான ஈரத்துணி வாசனை.

இன்று அந்த வீட்டில் சத்தமே இல்லை.

"அம்மா! உன் யூனிஃபார்ம்ல எது ரொம்பக் கசங்கியிருக்கு?"

"எல்லாமே. எதுக்கு?"

பதில் சொல்ல ஊசி அங்கே இல்லை. இரண்டு காக்கிச் சட்டை, பேன்ட், ஜன்னல் திரைச்சீலை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு அவள் மூன்றாம் மாடியில் நின்றாள்.

"அத்தை, இதெல்லாம் இஸ்திரி போட்டுத் தரணும். அவசரம்."

"இன்னிக்கு எனக்கு மனசு சரியில்ல, போடி."

"நாளைக்கு அம்மா இந்த மாதிரிக் கசங்கிப் போனா, டிக்கெட் எடுக்காதவங்ககூட மதிக்க மாட்டாங்க அத்தை."

அத்தைக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. "உள்ள வை."

அவருடைய மேஜை கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. துணியை விரித்து, அதன்மேல் ஈரத்துணி போட்டு, கனமான இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தினார்.

உஸ்ஸ்ஸ்.

நீராவி குபுகுபுவென்று எழுந்தது. சூடான ஆவி மேலேதான் போகும். போய்க் கூரையைத் தொட்டு, வழி தேடி, கதவுக்கு மேலிருந்த பலகணி வழியாக வெளியே நழுவியது. ஊசி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் இவ்வளவு வேலை இருக்குமா அத்தை?"

"இந்த வாரம்தான். ராவும் பகலும் இதே வேலை. எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துடணும்னு பாத்தேன்." பெட்டியை மெதுவாக நகர்த்தினார். "ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு தெரியலைன்னா? அடுத்தவங்க துணி எங்கிட்ட மாட்டிக்கக்கூடாதுல்ல."

ஊசி அடுத்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் பேன்ட். அதற்கப்புறம் திரைச்சீலை. ஈரத்துணி காயக் காய, அவளே நனைத்துப் பிழிந்து தந்தாள்.

வாசலுக்கு வெளியே, நேற்று விட்டுப்போன நாற்காலியில், உருண்டை காவல் இருந்தான். திரைச்சீலை பாதி முடிந்தபோது, அவனிடமிருந்து மிக மெல்லிய ஒரு குரல் வந்தது.

"அக்கா... உன் கண்ணு கலங்குது."

ஊசிக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. இருந்தும் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தபோது ஓரடி பின்வாங்கினாள். விளக்கு மினுக்கியது. அவளுடைய முகம், அவளுடைய சடைகளோடு, அவளுடைய சிரிப்போடு, அவளைப் பார்த்தபடியே கண் நிறைந்து நின்றது. ஒரு சொட்டு விளிம்பில் நடுங்கியது. வழிந்தது.

சொட்.

"அத்தை! இங்க வாங்க! சீக்கிரம்!"

அத்தை வந்தார். கையை உயர்த்தினார். சடை. நெற்றி. கண். விரல் நின்றது.

"ஐயையோ! உன் மூஞ்சிடி இது!" என்று பதறினார்.

"ஆமா அத்தை. எனக்கு நாளைக்கு எந்த ஆபரேஷனும் இல்லையே!"

அத்தை உயர்த்திய கையோடு அவள் பக்கம் திரும்பினார்.

ஊசி அவர் கையைப் பிடித்து, பலகணிக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். உள்ளேயிருந்து வந்த வெதுவெதுப்பான ஆவி அவர் விரல்களுக்கிடையே நழுவிப் போனது. "உங்க இஸ்திரி ஆவிதான் அத்தை. உப்பு அதைக் குடிக்குது. வார்னிஷ் இல்லாத இடம் கண்ணு மட்டும்தானே, அங்கேருந்து வழியுது. நேத்து ராத்திரி நீங்க வேலையே செய்யல. அதான் என் மூஞ்சி அழல. நீங்க இஸ்திரி போட்டா, அந்த ஆணியில யாரை மாட்டினாலும் அழுவாங்க."

"என்னை மாட்டாதீங்க!" என்று கீழேயிருந்து வாட்ச்மேன் மாமாவின் குரல் வந்தது. பெரிய காதுதான்.

அத்தை விரல்களை ஆவியில் வைத்தபடியே இருந்தார். அவை வியர்த்தன. ஒரு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். வெறும் தண்ணீர். அப்புறம் மாவு முகத்தின் கன்னத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

"அப்ப என்னை அழவெச்சது நானேதானா?" என்றார். அவர் தோள் குலுங்கியது. அவர் அழுகிறாரோ என்று ஊசி பயந்தாள். அத்தை சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு கேட்டுட்டு வா. போ, போ! அந்தத் திரைச்சீலைய வெச்சுட்டுப் போ, பாதிதான் ஆயிருக்கு."

அன்றே ஊசியும் உருண்டையும் தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, எல்லா முகங்களின் கண்குழிகளையும் துடைத்து, ஓவனில் மறுபடி காயவைத்து, உள்ளே வார்னிஷ் தடவினார்கள். அதன்பிறகு அந்தக் கட்டடத்தில் எந்த மாவு முகமும் அழவில்லை. விளக்கு மட்டும் இன்னும் மினுக்கத்தான் செய்தது.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது, தையல் அத்தைக்குக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அவரைக் கைப்பிடித்துப் படியேற்றிக் கூட்டிவந்தார். "கையை விடு, படி நல்லாத்தான் தெரியுது," என்று அத்தை ஒவ்வொரு மாடியிலும் சொன்னார். அம்மா விடவில்லை.

மூன்றாம் மாடியில் ஊசியும் உருண்டையும் ஒரு தட்டோடு காத்திருந்தார்கள். தட்டில் தின்கிற மாவில் செய்த பிஸ்கட் இருந்தது. தையல் அத்தையின் முகம், இந்த முறை முழுக்கச் சர்க்கரை.

அத்தை முதலில் தட்டைப் பார்க்கவில்லை. கதவுக்கு மேலே மாட்டியிருந்த தன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். செய்த நாளிலிருந்து இப்போதுதான் அதை அவர் நிஜமாகப் பார்க்கிறார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஏன்டி ஊசி," என்றார் கடைசியில், "என் மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு?"

உருண்டை அக்காவின் பின்னால் ஒளிந்தான்.

அத்தை பிஸ்கட்டை எடுத்தார். அதன் மூக்கை ஒரே கடியாகக் கடித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருண்டையிடம் நீட்டினார்.

"இப்ப சரியா இருக்கு."